படத்தின் எடை: மலையகத் தோட்டங்களும் புகைப்படத்தின் பொருண்மையும்

புகைப்படம் இன்று பொருள்நிலையைக் கடந்துவிட்டது என்ற கருத்துப் பரவலாக வழங்குகிறது. கண்ணாடியும் வெள்ளியும் தாளும் நீங்கியபின் எஞ்சுவது எண்களின் தொகுதியே என்பர். நிறுவற் கலைஞர் சிலர் இதனை மறுத்து, டிஜிட்டல் படத்திற்கு மீண்டும் எடையும் இடமும் அளிக்க முனைந்துள்ளனர். இவ்விவாதம் பெரும்பாலும் மேலைநாட்டுக் கலைக்கூடங்களை ஆதாரமாகக் கொண்டே நிகழ்ந்து வந்துள்ளது. நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து வினாவே வேறு வடிவம் பெறுகிறது. படம் ஒரு பொருளா என்பதன்று அவ்வினா. அப்பொருள் யாருடைய உழைப்பால் ஆனது, யாருடைய கையில் இருந்தது என்பதே அது. இதனை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே நமது நோக்கமாகும்.

1

பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரோன் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புகைப்படக் கலையின் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் இவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இங்கு குடியேறிய கமரோன், 1879 சனவரி 26இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார்.

அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவ வேண்டும். முட்டை வெண்கரு பூசிய தாளில் பின்னர் அச்செடுக்கப்படும். ஒவ்வொரு படமும் கண்ணாடி, வெள்ளி, தூய நீர், மனித உழைப்பு என்பவற்றால் ஆனது. அக்குடும்பத்தின் வருவாயோ பெரிதும் தோட்டங்களையே நம்பியிருந்தது. எனவே அந்தத் தகட்டின் வெள்ளியில் தோட்டத் தொழிலாளியின் உழைப்பும் கலந்திருந்தது எனலாம்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை சிலவே. 1877இல் களுத்துறைக்கு வந்திருந்த ஓவியர் மரியான் நோர்த்தை அவர் எடுத்த படம் நோர்த்தின் பெயராலேயே அறியப்படுகிறது. அடுத்த ஆண்டில் எடுத்த உள்ளூர் மக்களின் படமோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்றே வழங்குகிறது. முன்னது ஓர் ஆளின் படம். பின்னது ஓர் இனவகையின் படம். இதனைக் கமரோனின் தனிப்பட்ட குறையாகக் கொள்வது பொருந்தாது. தகட்டை உடைமையாகக் கொண்ட வர்க்கமே பெயரிடும் உரிமையையும் உடைமையாகக் கொண்டிருந்தது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலைகளைக் கைப்பற்றியது. கொழும்பின் புகைப்பட நிறுவனங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணை அஞ்சலட்டைகளில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பின. அப்படங்களில் கூடை உண்டு. கூடையின் பாரம் இல்லை. பச்சை மலை உண்டு. அட்டைக்கடியும் மழையும் இல்லை. பண்டத்தில் உறைந்துள்ள உழைப்பு பண்டத்தின் பளபளப்பில் மறைகிறது என்று மார்க்ஸ் விளக்கியதற்குத் தேயிலைப் பொதியின் மேலுள்ள சிரித்த முகத்தினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

ஆயினும் தொழிலாளியின் கைக்குப் படம் வந்துசேர்ந்த வழி இதுவன்று. அவ்வழி அடையாளச் சின்னங்களின் வழியாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்தோர் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டினை அணிந்து வந்தனர். தோட்டத்தில் அவர்களை ஆண்டது ‘துண்டு’. கங்காணியின்கீழிருந்தோரின் கடன் அத்தாளில் எழுதப்பட்டிருந்தது. கடனைத் தீர்க்கும் தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொண்டது. இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு.

இந்தியா செல்வோருக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்கும் அவ்வாறே. கமரோனின் தகட்டிற்கு மனிதரின் பெயர் தேவைப்படவில்லை. அரசின் படத்திற்குப் பெயரும் எண்ணும் தேவைப்பட்டன. தகரம், துண்டு, படம் என இச்சின்னங்கள் மாறிவந்த போதும் ஒன்று மாறவில்லை: நீ யார் என்பதற்கான சான்று உன்னாலன்றிப் பிறரால் ஆக்கப்பட்டது, அதனை இழந்தால் நீயும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. அதற்கிடையில் இரண்டு தலைமுறைகளின் வாழ்வு ஒரு சிறிய தாள் சதுரத்தைச் சார்ந்து கழிந்தது. புகைப்படத்தின் பொருண்மை எனும் கோட்பாட்டினை நூல்களின்றியே கற்ற மக்கள் இவர்கள்.

3

இன்று லயத்து இளைஞரின் கையில் கைப்பேசி உண்டு. துரையின் கருவியாலோ அரசின் கட்டளையாலோ அன்றி, தம்மைத் தாமே படமெடுக்கும் நிலை முதன்முறையாகத் தோன்றியுள்ளது. இதன் முற்போக்கான கூற்றினைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் இப்படத்தை எடையற்றதெனக் கொள்வது தவறு. ஒளி சிலிக்கன் உணரியில் விழுந்து மின்னேற்றமாகிறது, மின்னேற்றம் எண்ணாகிறது, எண் எங்கோ ஒரு கிடங்கில் மின்சாரத்தையும் குளிர்நீரையும் உண்டு வாழ்கிறது. மின்கலத்தின் கோபால்ட்டில் பெரும்பகுதி கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருவது.

மின்சாரத்தின் ஒரு பகுதி இம்மலைகளிலிருந்தே வருகிறது. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. வரட்சிக் காலங்களில் அதன் கோயில் இடிபாடு நீருக்குமேல் தலைகாட்டும். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாற்று வலுவுடன் நிறைவெய்தியது. லயங்களோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. எனவே டிஜிட்டல் படத்தின் பொருண்மை மறைந்துவிடவில்லை. படம் பிடிப்பவரின் கண்ணுக்கெட்டாத இடங்களுக்குத் தள்ளப்பட்டுள்ளது.

4

நிறுவற் கலையின் பயன் இங்குதான் புலப்படுகிறது. 2011இல் அம்ஸ்டர்டாமில் எரிக் கெசல்ஸ், இணையத்தில் ஒரே நாளில் ஏற்றப்பட்ட படங்களை அச்சிட்டு அறைகளில் குன்றெனக் குவித்தார். எண்ணிக்கை அங்கு எடையாயிற்று. ஆனால் அக்குவியலில் எப்படமும் எவருடையதும் அன்று. மிகுதியால் மூச்சுமுட்டும் சமூகத்தின் கலை அது. நமது பிரச்சினை மிகுதியன்று, இன்மை.

2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மக்களிடம் சேகரித்த பொருள்களைக் கொண்டு தா. சனாதனன் அமைத்த நிறுவல் நமக்கு அண்மையானது. மலையகத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் வடிகட்டியையும் கலைப்பொருளாக்கினார். எனினும் இத்தகைய ஆக்கங்கள் கலைச்சந்தையில் விலைபெறும்போது, கொழுந்துபோல் மலையிலிருந்து இறங்கிவிடும் அபாயமும் உண்டு.

ஆகவேதான் கண்டிப் பகுதியின் இரு நூதனசாலைகளை ஒப்பிடுதல் பயன்தரும். 2001இல் திறக்கப்பட்ட ஹந்தானத் தேயிலை நூதனசாலை பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அமைந்தது. அங்கு இயந்திரமும் முதலாளியும் முன்னிற்கின்றனர். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலையோ லயக் காம்பராக்களிலேயே இயங்குவது. புழங்கிய பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் படங்களும் அவை இருந்த அளவான அறையிலேயே இருக்கின்றன. அவ்வறையின் குறுகலைக் காண்போர் தம் உடம்பாலேயே உணர்கின்றனர். கலை என்ற பெயரின்றியே அது நிறுவற் கலையின் பணியைச் செய்கிறது.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. மனித உயிர்களோடு, அறைகளில் இருந்த படங்களும் சான்றிதழ்களும் மண்ணுள் போயின. தாள் மண்ணுக்கு இரையாகும். எண்கள் பிறர் கிடங்கில் தங்கும். இரண்டினுக்கும் மாற்று, தோட்டந்தோறும் மக்களே ஆளும் ஆவணக்காப்பகமாகும்: லயத்துச் சுவரின் படம் அங்கு பிரதிசெய்யப்பட வேண்டும், படத்திலுள்ளோரின் பெயர், அவரை அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். கமரோனின் தகட்டில் விடுபட்டது அப்பெயரே. அதனை எழுதும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இன்னும் ஒத்திவைப்பது தகாது.