வில்லன் பேரரசு செய்வது எப்படி?

நண்பர்கள் அஞ்சு பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி ரோல்-பிளே கேம் ஆரம்பிச்சோம். 1974-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகைதான். ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா உள்ளே போவாங்க. வில்லன் பேரரசை உருவாக்குற வேலை என் தலையில் விழுந்துச்சு. கறுப்புக் கோட்டை, கொடூரமான ராஜா, கூடவே ஒரு துரோகி. துரோகிக்கு என்ன பேர்னு கேட்டதும் எல்லாரும் ஒரே குரல்ல, "எட்டப்பன்!"

எனக்குச் சிரிப்பு வரலை. நான் கோவில்பட்டிக்காரன். எங்க அம்மா பிறந்த ஊர் எட்டயபுரம். "எந்த ஊரு?"னு கேட்டுட்டு ஒரு மாதிரி பார்க்கிற பார்வை அவங்களுக்குப் பழகிப்போச்சு. பாரதி பிறந்த ஊரும் அதுதான். ஆனா முதல்ல ஞாபகத்துக்கு வர்றது அந்தப் பேர்தான்.

சரி, நடந்தது என்ன? 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். எட்டயபுரம் பாளையம் கும்பினி பக்கம் நின்றது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா தப்பிப் போன கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் தூக்கு. மற்ற பாளையக்காரர்களையும் அங்கே வரவழைத்து, அவங்க கண்ணெதிரேதான் விசாரணை நடந்தது.

அப்புறம் எப்படி மொத்தப் பழியும் ஒரே பேர்ல வந்து நின்னுச்சு? கதைப்பாடல், கூத்து, நாடகம், கடைசியா 1959-ல் சிவாஜி நடிச்ச ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. பாடினவர், ஆடினவர், பார்த்தவர்னு எல்லாரும் சேர்ந்து தலைமுறை தலைமுறையா விளையாடின ரோல்-பிளேன்னே இதைச் சொல்லலாம். கதைக்கு ஒரு முகம் வேணும். தொண்டைமான் தூரத்து ஆள். எட்டப்பன் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் செய்ற துரோகம்தானே ரொம்ப வலிக்கும்?

இதுல தப்பிச்சுப் போனது யாரு தெரியுமா? கும்பினி. 1792-ல் ஆற்காட்டு நவாபோடு போட்ட ஒப்பந்தம் வழியா, பாளையங்களிடம் கிஸ்தி வசூலிக்கிற உரிமையை அது கையில் எடுத்துக்கிச்சு. அதுக்குக் கறுப்புக் கோட்டை தேவைப்படலை. கணக்குப் புத்தகமும் நவாபோட கடனும் போதுமா இருந்துச்சு. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் ஏற்கெனவே எல்லைத் தகராறு இருந்தது. அந்தப் பகையைக் கும்பினி உண்டாக்கலை, பயன்படுத்திக்கிச்சு. எதிர்த்தவனுக்குத் தூக்கு, சேர்ந்தவனுக்கு நிலம், வேடிக்கை பார்த்தவனுக்குப் பயம்.

அதனால என் கேம்ல கொடூர ராஜாவைத் தூக்கிட்டேன். இப்போ அந்தப் பேரரசுக்கு முகமே இல்லை. ஒரு குமாஸ்தா, ஒரு வரிச்சீட்டு, ரெண்டு ஊருக்கு நடுவுல பழைய வரப்புச் சண்டை. அவ்வளவுதான். முதல் நாள் ஆட்டத்துல என் நண்பர்கள் பேரரசை எதிர்க்கவே இல்லை. வரியைக் குறைக்கிறோம்னு குமாஸ்தா சொன்னதும் பக்கத்து ஊர் மேல படை எடுத்துட்டாங்க.

ஆட்டம் முடிஞ்சதும் ஒருத்தன் மெதுவா கேட்டான்: "டேய், அப்போ இங்க எட்டப்பன் நாங்கதானா?"

நான் பதில் சொல்லலை. அம்மாகிட்ட இதைச் சொன்னப்போதான், அவங்க ரொம்ப நேரம் சிரிச்சாங்க.