லித்தியமும் இரத்தப் பரிசோதனையும்
லித்தியத்தின் கதையை 1949ஆம் ஆண்டோடு முடித்துவிடுவது வழக்கம். அந்த ஆண்டில்தான் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், அது பித்துநிலையைத் தணிக்கிறது என்று எழுதினார். என் பார்வையில் அங்கே பாதி வேலைதான் முடிந்திருந்தது. அவர் லித்தியம் கொடுத்த முதல் நோயாளி பல ஆண்டுகள் ஓயாத கொந்தளிப்பில் கிடந்தவர். சில மாதங்களில் தேறி, வீடு திரும்பி, பழைய வேலைக்கே போனார். பிறகு மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தபோது உடம்பில் நஞ்சேறி 1950இல் இறந்தார். அவரைத் தேற்றிய லித்திய உப்புதான் அவரைக் கொன்றது.

மெல்பர்னில் எட்வர்ட் டிராட்னர் குழுவினர் இரத்தத்தில் லித்தியத்தை அளந்துகொண்டே கொடுக்கலாம் என்று 1951இல் காட்டியதை நான் இன்னொரு கண்டுபிடிப்பாகவே எண்ணுகிறேன். இன்றும் கடைசி வேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலோ, சாப்பாட்டில் திடீரென்று உப்பைக் குறைத்தாலோ, அதே மாத்திரையிலேயே அளவு ஏறிவிடும். இத்தனை கண்காணிப்பு கேட்கும் மருந்து எதற்கு என்பது நியாயமான கேள்வி. சிறுநீரகத்தையும் தைராய்டையும் அது பாதிக்கக்கூடும். ஆனால் பித்துநிலை வந்துபோகும் இருதுருவ நோய் திரும்பாமல் காப்பதில் இதற்கு இணையான சான்றுள்ள மருந்துகள் மிகச் சில. சோதனைக்கூடம் இல்லாத ஊரில் மருத்துவர் லித்தியம் எழுதத் தயங்கினால், அந்த ஊருக்கு முதலில் வேண்டியது சோதனைக்கூடம்.