ஊசிமுனையில் ஒரு குரல்

சென்ற மாதம் என் தங்கை மகன் வீட்டிற்கு வந்திருந்தான். புதிதாக இசைத்தட்டுச் சுழலி ஒன்று வாங்கியிருக்கிறான். இக்காலத்து இளையர்க்கு இசைத்தட்டின்மீது மீண்டும் ஆசை பிறந்திருப்பதை நாம் அறிவோம். "மாமா, இதனுடன் வந்த ஊசி சுமார்தான். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று மாற்றலாம் என்கிறார்கள். எதை வாங்குவது? பாட்டியின் தட்டுகளையும் இதில்தான் போடப் போகிறேன்" என்றான்.

பாட்டியின் தட்டுகள் என்றதும் என் நெஞ்சம் ஒரு கணம் நின்றது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். அவன் வினாவுக்கு ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட ஊசியின் கதையைச் சொல்லித்தான் விடைக்கு வர முடிந்தது. அதையே இங்கும் எழுதுகிறேன்.

எஃகு ஊசிக் காலம்

1877இல் எடிசன் ஒலியைப் பதியும் கருவியைக் கண்டார். 1887இல் எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான தட்டைக் கொண்டுவந்தார். கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். பின்னர்க் கிழக்கு நாடுகளைச் சுற்றி, 1903இல் நம் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. அதன்பின் இந்தியப் பாடகர்களின் தட்டுகளை இந்தியாவிலேயே செய்ய வழி பிறந்தது.

அத்தட்டுகள் அரக்கால் ஆனவை. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரப்பதே அரக்கு. அதை உலகுக்கு மிகுதியாக அளித்த நாடு இந்தியா. அரக்குடன் கல்மாவையும் கலந்து தட்டை வார்த்தனர். ஏன் தெரியுமா? எஃகு ஊசி சுழலும் தட்டில் உராய்ந்து, சில நொடிகளில் பள்ளத்தின் வடிவுக்கேற்பத் தானே தேய்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். எனவே ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிட்டு வேறோர் ஊசி செருக வேண்டும். நாய்ப்படம் போட்ட சிறு தகரப் பெட்டிகளில் இருநூறு இருநூறாக ஊசிகள் விற்கப்பட்டன. உரத்த ஒலிக்குத் தடித்த ஊசி, மெல்லொலிக்கு மெலிந்த ஊசி. ஊசியைத் தெரிந்தெடுக்கும் கலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம். மூங்கில் ஊசியும் கள்ளி முள்ளும்கூடப் பயன்பட்டன. அவை தட்டைக் குறைவாகத் தேய்க்கும்.

அன்றைய ஒலிப்பெட்டி ஊசியின்மேல் நூறு கிராமுக்கும் மேலான பாரத்தை ஏற்றியது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கதை முழுதும் இது குறைந்துகொண்டே போகும்.

இக்காலத் தட்டுகள் நமக்கு ஏன் அரியவை? நாடக மேடையின் ஒப்பற்ற பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931இலேயே வந்துவிட்டது. ஆயினும் அவர் படம் எதிலும் நடிக்கவில்லை. இன்று அவர் குரல் நமக்குக் கேட்கிறது என்றால் இசைத்தட்டே காரணம். வீணை தனம்மாள் 1932இல் கொலம்பியா நிறுவனத்துக்கு வாசித்தளித்தவற்றின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கோயம்புத்தூர் தாயியின் தட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜின் உள்ளத்தைத் தொட்டு, அவர் இசையில் தமிழ்ப்பாடலின் சாயலையே கொண்டுவந்தது. இத்தகைய குரல்களை ஊசி ஒவ்வொரு முறை தொடும்போதும் சிறிதளவு தேய்க்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கப்பலில் வந்த தட்டுகள்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த ரஜூலா கப்பலை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். என் தாத்தா அதில்தான் வந்தார். தகரப்பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே பொதிந்து பதினோரு தட்டுகளைக் கொண்டுவந்தாராம். இறங்கும்போது ஒன்பது இருந்தன. அரக்குத் தட்டு கண்ணாடி போன்றது. கைதவறினால் போயிற்று.

1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. 1949இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுழற்சித் தட்டைக் கொணர்ந்தது. இவை வினைலால் ஆனவை. பள்ளம் மிக நுண்ணியது. 78 சுழற்சித் தட்டுக்குரிய ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான்; நெடுந்தட்டுக்கு 25; பின்னர் வந்த ஸ்டீரியோ தட்டுக்கு 18. மேலைநாடுகளில் 78 விரைவில் மறைந்தது. இந்தியாவிலோ அறுபதுகளின் பிற்பகுதி வரை அச்சாகிக்கொண்டிருந்தது. ஆகவே நம்மவர் வீடுகளில் இருவகைத் தட்டும் நெடுங்காலம் ஒன்றாகவே வாழ்ந்தன. அவற்றுக்கென ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டு ஊசிகள் பொருத்தி, சிறு நெம்பைத் திருப்பினால் ஒன்று போய் மற்றொன்று வரும்படி அமைத்திருந்தனர்.

உப்பும் ஈரக்காற்றும்

அக்கார்ட்ரிட்ஜுகளின் உள்ளே இருந்தது என்ன? ரோஷல் உப்பு என்னும் படிகம். அதை அழுத்தினாலும் முறுக்கினாலும் மின்னழுத்தம் பிறக்கும். ஊசியின் அசைவு படிகத்தை முறுக்க, ஒலி மின்னாகிறது. விலை மலிவு, ஒலி உரத்தது. ஆயினும் உப்பு உப்புத்தானே! ஈரத்தை உறிஞ்சிக் கரையும். வெப்பத்தையும் தாங்காது. ஆண்டு முழுதும் ஈரம் மிகுந்த நம் தீவில் இப்படிகம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னர் வந்த பீங்கான் வகைக்கு இக்குறை இல்லை. எனினும் அதுவும் நான்கைந்து கிராம் பாரத்தோடு தட்டை அழுத்துவதே.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு ரேடியோகிராமில் பீங்கான் கார்ட்ரிட்ஜ்தான் இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் வெளியான வேங்கடேச சுப்ரபாத நெடுந்தட்டு அம்மாவின் உயிர். நாள்தோறும் காலையில் அது பாடிய பிறகே அடுப்பு எரியும். எனக்குப் பத்து வயதிருக்கும். பாட்டிக்கு உடல்நலமில்லை என்று அம்மா நாகப்பட்டினம் சென்றிருந்தார். ஒருநாள் தாத்தாவின் 78 தட்டைக் கேட்ட நான், நெம்பைத் திருப்ப மறந்தேன். அம்மா இல்லாத குறை தெரியக்கூடாது என்று ஒரு மாதம் காலைதோறும் அந்த நெடுந்தட்டைத் தடித்த ஊசியிலேயே பாடவிட்டேன். ஒலி மங்குவது தெரிந்தது. பெட்டிக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா திரும்பி வந்த மறுநாள் தட்டைப் போட்டார். மழை பெய்வதுபோல் இரைச்சல். அதற்குள் எங்கோ குரல். அம்மா குனிந்து நெம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்து உறையில் இட்டார். அத்தட்டை அவர் மீண்டும் போடவே இல்லை, எறியவும் இல்லை.

காந்தமும் கம்பிச்சுருளும்

அதே காலத்தில் உலகில் வேறொரு வழி வளர்ந்திருந்தது. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1958இல் ஸ்டீரியோவுக்கான அசையும் காந்தக் கார்ட்ரிட்ஜை வெளியிட்டது. ஊசிக்கோலின் மறுமுனையில் மிகச் சிறு காந்தம். அது நிலையான கம்பிச்சுருள்களின் நடுவே அசைகிறது. 1959இல் டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் நிறுவனம் காந்தத்தை நிலைநிறுத்திக் கம்பிச்சுருளை அசைய வைத்தது. எடை குறைந்த சுருள் விரைந்து அசையும். எனவே நுட்பம் மிகுதி. ஆனால் மின்னழுத்தம் மிகக் குறைவு. பீங்கான் வகை தருவதில் நூற்றில் ஒரு பங்குதான் அசையும் காந்தம் தரும்; அசையும் சுருள் அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஆதலால் இவற்றுக்குத் தனி முன்பெருக்கி வேண்டும். ஊசியின் பாரமோ ஏறத்தாழ இரண்டு கிராமாக இறங்கிவிட்டது. நூறு எங்கே, இரண்டு எங்கே!

ஊசிமுனையின் வடிவமும் மாறியது. உருண்டை முனை, பிறகு நீள்வட்ட முனை. எழுபதுகளில் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் நான்கு வழி ஒலித்தட்டுக்காகச் சிபாட்டா என்னும் முனையை ஆக்கியது. அது பள்ளத்தின் சுவரை நெடுக்குவாக்கில் தழுவிச் செல்லும்.

ஆகவே எதை வாங்குவது?

மருமகனிடம் நான் சொன்னவை இவை.

முதலாவது, உன்னிடம் உள்ள தட்டுகளை எண்ணிப் பார். 78 தட்டுகள் இருந்தால் அவற்றுக்குத் தனி ஊசி கட்டாயம். ஆடியோ டெக்னிக்கா 2018இல் வெளியிட்ட வி.எம். 95 வரிசை போன்றவற்றில் உடல் ஒன்றே. உருண்டை, நீள்வட்டம், சிபாட்டா, 78க்கு உரியது என ஊசிகளை மட்டும் கழற்றி மாட்டலாம். நெடுந்தட்டு ஊசிக்கு இரண்டு கிராம் பாரம். 78 ஊசிக்கு ஐந்து கிராம். ஊசியை மாற்றும்போது சுழலியின் வேகத்தையும் கையின் பாரத்தையும் மாற்ற மறவாதே. 78 சுழலாத சுழலி என்றால் அந்த ஊசியால் பயனில்லை.

இரண்டாவது, அசையும் சுருளுக்கு ஆசைப்படாதே. ஊசி தேய்ந்தால் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜையே மாற்ற நேரும். முன்பெருக்கிச் செலவும் கூடும்.

மூன்றாவது, பழைய பெட்டியில் வந்த ஊசியை நம்பாதே. ஜாலான் புசாரை அடுத்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கே பழைய சுழலிகளைக் கண்டிருக்கிறேன். ஊசிக்கோலைத் தாங்கும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். வைரமுனை பல நூறு மணி நேரம் உழைக்கும்; நீலக்கல் முனைக்குச் சில பத்து மணி நேரமே ஆயுள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

நான்காவது, வாங்குமுன் கேட்டுப் பார். கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி கட்டடம் ஒலிச்சாதனக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. உன் தட்டையே கையில் கொண்டு போ.

நீள்வட்ட ஊசி ஒன்று, 78 ஊசி ஒன்று வாங்கி வந்தான். பின்னர்ச் சிபாட்டா ஊசி ஒன்றையும் நான் வாங்கிக் கொடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு. தடித்த ஊசி பள்ளத்தின் ஒரு பகுதியைத்தான் தேய்க்கும். வேறு வடிவமுள்ள முனை, தேயாத இடத்தைத் தொடக்கூடும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் நெடுந்தட்டைக் கழுவி உலர்த்திப் போட்டோம். முதற்சில நிமிடங்கள் அதே மழை. நான் செய்த காயம் முழுதும் ஆறாது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் குரல் இப்போது எங்கோ இல்லை, அருகில் இருந்தது. சொற்கள் தெளிவாகக் கேட்டன. மருமகன், "பரவாயில்லையே மாமா, பாட்டி கேட்டிருக்கலாம்" என்றான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் மூத்தோர் விட்டுச்சென்ற தட்டுகள் இருக்கலாம். அவற்றை இயக்குமுன் ஊசியைப் பாருங்கள், நெம்பையும் பாருங்கள்.