கணக்குப் போட்ட பெண்கள் கணினி கற்ற வரலாறு

ஆட்குறைப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. புதிய இயந்திரம் வருகிறது என்றால், "என் வேலை என்னவாகும்?" என்பதே முதலில் எழும் கேள்வி. இது இன்று நேற்று தோன்றிய கேள்வியல்ல. 1950களில் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் இருந்த லாங்லி விமான ஆய்வுக்கூடத்தின் பெண் ஊழியர்களும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள்.

அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்றால் இயந்திரம் அல்ல. கணக்குப் போடும் மனிதர். பொறியாளர்கள் சோதனை செய்து தரும் எண்களைக் கூட்டியும் பெருக்கியும் விடை காண்பது அவர்கள் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது ஆள்பற்றாக்குறை ஏற்பட்டது. தற்காப்புத் தொழில்களில் இனப்பாகுபாடு கூடாதென அதிபர் ரூஸ்வெல்ட் 1941ல் ஆணை பிறப்பித்திருந்தார். இதனால் கறுப்பினப் பெண்களுக்கும் கதவு திறந்தது.

1943ல் அங்கே சேர்ந்தவர் டோரத்தி வான். அதற்கு முன் அவர் பள்ளியில் கணித ஆசிரியை. கறுப்பினப் பெண்களுக்கு 'மேற்குப் பகுதிக் கணிப்புப் பிரிவு' எனத் தனி அலுவலகம்; சாப்பிடும் மேசையும் கழிவறையும்கூடத் தனி. 1949ல் அப்பிரிவின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த நிறுவனத்தில் மேற்பார்வையாளரான முதல் கறுப்பினத்தவர் அவரே.

இந்நிலையில்தான் மின்னணுக் கணினிகள் வந்தன. பல நாள் கைக்கணக்கை அவை வெகு விரைவில் முடித்தன. 1957ல் ஐபிஎம் நிறுவனம் ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியை வெளியிட்டது. மறு ஆண்டே நாசா உருவானது. இனவாரி அலுவலகங்கள் கலைக்கப்பட்டன. டோரத்தியின் பிரிவும் மூடப்பட்டது. பாகுபாடு ஒழிந்தது நல்ல செய்தி. ஆனால், அவர் தலைமை ஏற்றிருந்த பிரிவே இல்லாமல் போயிற்று.

அப்போது அவர் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். "இனிமேல் என்ன படிப்பது?" என்று அவர் ஒதுங்கவில்லை. ஃபோர்ட்ரானைக் கற்றுத் தேர்ந்தார். தாம் மட்டும் தப்பித்தால் போதும் என்றும் எண்ணவில்லை. உடன் பணியாற்றிய பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். புதிய கணினிப் பிரிவில் சேர்ந்து, ஸ்கவுட் ராக்கெட் திட்டத்துக்கும் பங்களித்தார்.

கணினி வந்ததால் கணிதம் அறிந்தவர்களின் தேவை ஒழிந்துவிடவில்லை. 1962ல் ஜான் கிளென் பூமியை வலம்வரப் புறப்படுமுன், கணினி தந்த எண்களை கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1953ல் டோரத்தியின் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் அந்த கேத்தரின்.

கற்றவருக்கு எல்லாம் கைகூடியது என்று சொல்லிவிட முடியாது. மீண்டும் ஒரு மேலாளர் பதவியை நாடிய டோரத்திக்கு, 1971ல் ஓய்வு பெறும்வரை அது கிடைக்கவில்லை. 2008ல் காலமான அவருக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்க 2019ல்தான் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும், கற்ற திறன் அவரைக் கைவிடவில்லை. பழைய கணித அறிவை அவர் தூக்கி எறியவில்லை. அதன்மேல் புதியதொரு மொழியைச் சேர்த்துக்கொண்டார். வேலை போகுமோ என்று அஞ்சும் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டியது இதுதான்: கையில் இருக்கும் திறனோடு எதைச் சேர்த்தால், நாளைய வேலைக்கு நாம் தேவைப்படுவோம்?