பம்பாய்த் துறையில் மூண்ட தீ

ஏப்ரல் 14 என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சித்திரைப் புத்தாண்டு. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நாமும் அன்று வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டி, வேப்பம்பூப் பச்சடியுடன் உணவருந்தி மகிழ்கின்றோம். அதே நாளில், நாட்டின் தீயணைப்பு நிலையங்களில் வீரர்கள் அணிவகுத்து நின்று மௌன அஞ்சலி செலுத்துகின்றனர். அன்று தொடங்கி 20-ஆம் தேதி வரை தீயணைப்புப் பணி வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்நாளைத் தேர்ந்ததன் காரணத்தை அறிய, பம்பாய் நகரின் வரலாற்றை நாம் சற்றுப் புரட்ட வேண்டும்.

பம்பாயில் தீயை அணைக்கும் வேலை தொடக்கத்தில் காவல் துறையினரைச் சார்ந்திருந்தது. நகரம் பெருகிற்று, பஞ்சாலைகளும் கிடங்குகளும் நெருங்கி எழுந்தன. 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம், தக்க கருவிகளுடன் ஒரு தீயணைப்புப் படையைப் பேணி மக்களின் உயிரையும் உடைமையையும் காப்பதை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இத்தகைய வாசகம் ஒரு வரியாகவே கண்ணிற்படும். அந்த ஒரு வரிக்கு மனிதர் கொடுத்த விலை என்ன என்பதை 1944 காட்டிற்று.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்னும் சரக்குக் கப்பல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையிலிருந்து பிப்ரவரியில் புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12-ஆம் தேதி பம்பாய் விக்டோரியா துறையை அடைந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சு மூட்டைகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் மரமும் ஏற்றப்பட்டன. வெடிமருந்து இருக்கிறது என எச்சரிக்கும் சிவப்புக் கொடி அக்கப்பலில் பறக்கவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணியளவில் கப்பலின் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தனர். பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனன்று எரியும் இயல்புடையது. எனவே 900 டன்னுக்கு மேல் நீர் பாய்ச்சியும் தீயின் மூலத்தை அணுக முடியவில்லை. ஊற்றிய நீரே கொதிக்கத் தொடங்கிற்று. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துச் செல்வதா, தொடர்ந்து நீரைப் பாய்ச்சுவதா என அதிகாரிகள் வெவ்வேறு யோசனை கூறினர். முடிவு செய்து ஆணையிட ஒருவர் முன்வரவில்லை. நேரம் கழிந்தது. 3 மணி 50 நிமிடத்திற்குக் கப்பலைக் கைவிடும்படி உத்தரவு பிறந்தது.

4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ அரை மணிக்குப் பின் மீண்டும் ஒரு வெடிப்பு. வெகு தொலைவிலுள்ள சிம்லாவின் நில அதிர்வுக் கருவியிலும் அந்த அதிர்ச்சி பதிந்தது. எரியும் பஞ்சுப் பொதிகள் வானிலிருந்து குடிசைகள் மீதும் கிடங்குகள் மீதும் விழுந்தன. அருகிலிருந்த கப்பல்கள் பல அழிந்தன. மாண்டவர் எழுநூறு பேருக்கு மேல் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. உண்மையில் ஆயிரத்தைத் தாண்டும் என்பாரும் உளர். தீயை அடக்க மூன்று நாட்களாயின. இடிபாடுகளை அகற்ற 8,000 பேர் ஏழு மாதங்கள் உழைத்தனர்.

கப்பலை நெருங்கி நின்று நீர் பாய்ச்சிய தீயணைப்பு வீரர்களுள் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்களுக்கு நினைவுச் சின்னம் பைகுல்லாவிலுள்ள தலைமை நிலையத்தில் இருக்கிறது. போர்க்காலத் தணிக்கை காரணமாக இவ்விபத்தைப் பற்றிய விரிவான செய்தி மே மாதத்தில்தான் இந்தியப் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஆனால் ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே இதை உலகுக்கு அறிவித்துவிட்டது!

வீரத்தைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அந்த 66 பேரிடம் துணிவு இருந்தது, கருவிகளும் இருந்தன. குறைந்தவை இரண்டு. எது எங்கே இருக்கிறது என்ற தகவல் உரிய வேளையில் வரவில்லை. யார் முடிவு செய்வது என்ற தெளிவும் இல்லை. இவ்விரண்டும் வெள்ளை மாளிகைகளிலும் கோட்டைகளிலும் மட்டும் வேண்டுவன அல்ல. நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திற்கும் அவை வேண்டும்.

1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க பணிகளின் பட்டியலில் தீயணைப்புப் பணியையும் சேர்த்தது. எனினும் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் இது மாநில அரசின் துறை. மும்பையில் மாநகராட்சியின் பொறுப்பு. டில்லியிலோ 1994 வரை மாநகராட்சியிடம் இருந்து, பின்னர் டில்லி அரசிடம் சென்றது. ஆதலால், ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் தாம் வாழும் நகரில் இப்பொறுப்பு யாருடையது என்று கேட்டறிவது நன்று. மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டட உரிமையாளரும் குடியிருப்போரும் தீத்தடுப்புச் சாதனங்களைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடமை நகராட்சியோடு முடிவதில்லை. நம் வீட்டுப் படிக்கட்டு வரை வருகிறது.

அப்படிக்கட்டில் பழைய சாமான்களை அடுக்கி வழியை அடைக்காதிருப்போம். ஆபத்து நேரும்போது 101 அல்லது 112 என்னும் எண்ணுக்குச் சொல்லி, எரிவது யாது, உள்ளே எரிவாயு உருளை உண்டா, சிக்கியவர் எத்தனை பேர் என்பதையும் தெளிவுற உரைப்போம். அன்று விக்டோரியா துறைக்கு விரைந்தவர்களுக்குக் கிடைக்காத அந்தத் தகவலை, நம் வீட்டு வாயிலுக்கு வருபவர்களுக்கேனும் நாம் கொடுப்போமாக.