சந்திரகிரிக் கோட்டைச் சிறை

திருப்பதியிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள சந்திரகிரிக் கோட்டையை விஜயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகர் என்றே பலரும் அறிவார்கள். அதற்கு முன்பு, கிருஷ்ணதேவராயர் ஆட்சியில் (1509–1529), அரியணைக்குப் போட்டியாக வரக்கூடிய அரச குடும்பத்தாரை அடைத்துவைத்த சிறை அது.

இந்தச் செய்தியை எழுதிவைத்தவர் பெர்னாவோ நூனிஸ் என்ற போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர். 1535–37 வாக்கில் விஜயநகரத்தில் இருந்தவர். கிருஷ்ணதேவராயரின் அண்ணனும் அவருக்கு முந்தைய அரசருமான வீரநரசிம்மர் மரணப்படுக்கையில் கிடந்தபோது, எட்டு வயது மகனுக்கே பட்டம் போகவேண்டும் என்று எண்ணி, தம்பியின் கண்களைப் பிடுங்கிவரச் சொன்னாராம். அமைச்சர் சாளுவ திம்மரசு ஆட்டின் கண்களைக் கொண்டுவந்து காட்டி ஏமாற்றினார். அப்படித் தப்பிப் பட்டமேறிய கிருஷ்ணதேவராயர், அந்தச் சிறுவனையும் தம் சகோதரர்கள் மூவரையும் சந்திரகிரிக்கு அனுப்பினார். சிறுவன் வெளியே வரவே இல்லை, காவலிலேயே இறந்தான். குருடாக்கப்பட இருந்தவரே செய்த காரியம் இது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

செங்குத்தான பாறைமலை, அடிவாரத்தைச் சுற்றிக் கனத்த மதில், தலைநகர் ஹம்பியோ வெகு தூரத்தில். காவலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது.

1529இல் நிலைமை தலைகீழானது. கிருஷ்ணதேவராயரின் மகனுக்கு அப்போது 18 மாதமே. ஆகவே சிறையிலிருந்த தம்பி அச்சுதராயரே அடுத்த அரசர் என்று அவர் எழுதிவைத்தார். மருமகன் ராமராயர் குழந்தையை முன்னிறுத்த முயன்றும் பலிக்கவில்லை. விடுதலையான அச்சுதராயர் திருமலையிலும் காளஹஸ்தியிலும் முடிசூடிக்கொண்டு, பிறகே தலைநகர் போய்ச் சேர்ந்தார்.

1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் ஹம்பி அழிந்தது. அரசு பெனுகொண்டாவுக்கும், அங்கிருந்து சந்திரகிரிக்கும் இடம்பெயர்ந்தது. பின்னர் கோட்டை கோல்கொண்டா வசமாகி, 1782இல் ஹைதர் அலியிடம் வீழ்ந்தது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்தால் கோட்டைக்குள் கட்டப்பட்ட மூன்றடுக்கு ராஜமகாலில் மரம் அறவே கிடையாது; இன்று அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

சிறைவைத்தவரும் சிறையிருந்தவரும் இன்று ஒரே இடத்தில் இருக்கிறார்கள்: திருமலைக் கோயிலின் நுழைவாயிலைத் தாண்டியதும் உள்ள மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவருடன் செப்புச் சிலையாக நிற்கிறார். அதே மண்டபத்தில் அச்சுதராயருக்கும் அவர் தேவி வரதாம்பிகைக்கும் கற்சிலைகள் உள்ளன. தரிசனத்துக்குப் போகிறவர்கள் இரண்டையும் பார்க்கலாம்.