ஊழியரே மாணவராகவும் இருக்கும்போது: பல்கலைக்கழகப் பணிப்பகிஷ்கரிப்பும் கிரான்–வந்தாறுமூலைப் பின்புலமும்

2024 மே 2ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். பணிப்பகிஷ்கரிப்பு இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஊழியர் தம் சம்பளத்துக்காக மாணவரின் கல்வியைப் பணயம் வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்நாட்களில் ஓயாமல் கேட்டது. மாணவருக்கு வந்த பாதிப்புக்குப் பொறுப்பு நாங்களல்ல, வாக்கை மீறிய அரசுதான் என்று சங்கங்கள் பதில் சொல்லின. எதிரெதிராக நின்ற இந்த இரு வாதங்களும் ஒரு விடயத்தில் மட்டும் ஒன்றுபட்டன: ஊழியர் வேறு, மாணவர் வேறு. ஒரே ஆள் ஊழியராகவும் மாணவராகவும் பதிவு பெற்றிருக்கும்போது அந்தப் பிரிவினை நிற்பதில்லை. அப்படிப்பட்டவர் பணிப்பகிஷ்கரிப்பில் எப்படிப் பங்கெடுக்க வேண்டும், அவருக்குச் சங்கமும் பல்கலைக்கழகமும் எவ்வகையில் கடமைப்பட்டுள்ளன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானிலிருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஏ15 வீதியில் தெற்கே சந்திவெளி, முறக்கொட்டான்சேனை, சித்தாண்டி, மாவடிவேம்பு கடந்தால் வந்தாறுமூலை. அங்கே கிழக்குப் பல்கலைக்கழகம். கிரானுக்கு மேற்கே புலிபாய்ந்தகல், பொண்டுகள்சேனை, கோராவெளி, குடும்பிமலை என்று படுவான்கரைக் கிராமங்கள். மாரி வெள்ளத்தில் அந்தப் பாதை தாழும்போது தோணியும் உழவு இயந்திரமுமே போக்குவரத்து. இந்த ஊர்களில் பலருக்குப் பல்கலைக்கழகம் என்பது முதலில் ஒரு வேலைத்தலம். அனுமதிக்கு வேண்டிய இசெட் புள்ளி கிடைக்காத பிள்ளை, சில ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில் முகாமைத்துவ உதவியாளராகவோ ஆய்வுகூடப் பணியாளராகவோ காவலாளியாகவோ நுழைகிறது. அதன் பிறகு, சம்பளம் வாங்கத் தொடங்கிய துணிவில், வெளிவாரிப் பட்டத்துக்கோ திறந்த பல்கலைக்கழகப் பாடநெறிக்கோ பதிகிறது.

வட அமெரிக்காவில் இந்த உறவு நேர் மறுதலை. அங்கே ஒருவர் முதலில் பட்டப்பின் மாணவர். மாணவராய் இருப்பதனால்தான் கற்பித்தல் உதவியாளராகிறார். ஆகவே அவர் ஊழியர்தானா என்பதே அங்கு வழக்கானது. அமெரிக்கத் தேசிய தொழிலுறவுச் சபை 2004இல் பிரவுண் பல்கலைக்கழக வழக்கில் இல்லை என்றது. 2016இல் கொலம்பியா வழக்கில் ஆம் என்றது. 2022இன் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 48,000 கல்வித்துறைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். வந்தாறுமூலையில் எவரும் எழுதுவினைஞரைப் பார்த்து நீர் ஊழியரா என்று கேட்பதில்லை. அவருடைய மாணவத்துவந்தான் எவர் கண்ணிலும் படுவதில்லை. நிருவாகம் அவரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் காண்கிறது. சங்கம் அங்கத்துவப் பட்டியலில் மட்டும் காண்கிறது.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு: தற்காலிக உதவி விரிவுரையாளர்கள், செய்முறை போதனாசிரியர்கள். குறுகிய கால ஒப்பந்தத்தில் கற்பித்துக்கொண்டே முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்தவர்கள் இவர்களில் உண்டு. கல்விசாரா ஊழியரின் போராட்டமும் விரிவுரையாளரின் போராட்டமும் இவர்களைப் பக்கவாட்டில்தான் தொடுகின்றன. இவர்களைப் பற்றி முடிவில்.

வந்தாறுமூலையின் வரலாறும் ஊழியர், மாணவர் என்ற பிரிவினைக்கு இடம் தருவதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஓகஸ்ட் 1இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபர் 1இல் முழுப் பல்கலைக்கழகமானது. நான்கு ஆண்டுகூட முடியவில்லை, 1990இல் சுற்றுக் கிராமங்களின் மக்கள் அங்கே அகதிகளாகத் தஞ்சம் புகுந்தார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அந்த முகாமிலிருந்து 158 பேரைக் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. அந்த நாட்களில் வளாகத்துக்குள் விரிவுரையாளர், மாணவர், ஊழியர், ஊரார் என்ற பிரிவுகள் எவருக்கும் காவலாக இருக்கவில்லை. போருக்கிடையே இந்த நிறுவனம் நிலைத்து நின்றதற்குச் சுற்றூர்களின் ஊழியர்களும் காரணம். கற்பிப்போரும் கற்போரும் மட்டுமே பல்கலைக்கழகம், மற்றவர் அதற்குச் சேவகம் செய்வோர் என்ற எண்ணத்தை வேறெங்கும்விட இங்கே மறுக்கவேண்டியிருக்கிறது.

கோரிக்கையின் நியாயத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. 2016இல் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த அரச சம்பளத் திருத்தத்தில் பல்கலைக்கழக ஊழியருக்குச் சேரவேண்டிய 15 சதவீதம் கிடைக்கவில்லை என்பதே 2024இன் மையக் கோரிக்கை. இதையொட்டிய சம்பளப் பிணக்குகளுக்காக 2018 பெப்ரவரி இறுதியிலும் 2019 செப்டெம்பரிலும் வேலைநிறுத்தங்கள் நடந்திருந்தன. இடையே 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. ஆண்டுக்கணக்காகக் கேட்ட தொகை, கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெறுமதி இழந்தது.

சிக்கல் இழப்பின் தன்மையில் இருக்கிறது. பகிஷ்கரிப்புக் காலச் சம்பளம் வெட்டப்பட்டாலும் அதைப் பேசிப் பெற வழியுண்டு. விடுமுறையில் கழிக்கலாம், நிலுவையாகக் கேட்கலாம். மாணவர் இழக்கும் காலத்துக்கு நிலுவை கிடையாது. இதைச் சொன்னவுடன் தொழிற்சங்கத்துக்கு எதிரான வாதம் என்று எண்ணக்கூடாது. எந்தக் காலம், எவருக்கு என்று பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் வாதம். பதுளையிலிருந்தோ அநுராதபுரத்திலிருந்தோ வந்து விடுதியில் இருக்கும் உள்வாரி மாணவருக்குப் பகிஷ்கரிப்பு என்றால் தண்ணீர், வெளிச்சம், வைத்திய நிலையம். அவை நின்றால் அவர் பெட்டியைக் கட்டவேண்டும். கிரானிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மாணவி வீட்டிலிருந்து படிக்கலாம். வெளிவாரி மாணவருக்கு விரிவுரை மண்டபம் மூடியிருப்பது பெரிய விடயமல்ல. அவருக்குப் பல்கலைக்கழகம் என்பதே பரீட்சைக் கிளை. விண்ணப்பம், அனுமதி அட்டை, பெறுபேறு, சான்றிதழ் ஆகிய நான்கும் அங்கேதான். குறித்த ஆண்டில் முடியாத வெளிவாரிப் பட்டங்கள் நாடெங்கும் பழைய குறை. பரீட்சைக் கிளை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் அது மேலும் நீளும். அரச ஆட்சேர்ப்பில் வயதெல்லை உண்டு, பட்டம் செல்லுபடியாகும் திகதிக்கு எல்லை உண்டு. இரண்டு மாதத் தாமதம் ஒருவரை அந்த எல்லைக்கு வெளியே தள்ளினால் அவருக்குப் போவது ஒரு வாழ்நாள் வேலை. இதை நன்கறிந்தவர், தானே ஊழியராகவும் வெளிவாரி மாணவராகவும் இருப்பவர்தான்.

ஆகவே பணிப்பகிஷ்கரிப்பின் வடிவத்தைத் தீர்மானிக்கும் குழுவில் அவருக்கு இடம் வேண்டும். எந்தச் சேவை நிற்கும், எது நிற்காது என்ற பட்டியலைச் சங்கம் அமைதிக் காலத்திலேயே மாணவருடன் இருந்து எழுதி வைக்கவேண்டும். விடுதிக் குடிநீரும் அவசர மருத்துவமும் நிற்கக்கூடாது என்பதில் எவருக்கும் தடை இராது. அத்துடன், ஏற்கெனவே எழுதி முடிந்த பரீட்சைகளின் பெறுபேறும் சான்றிதழும் விலக்குப் பெறவேண்டும் என்கிறேன். புதிய பரீட்சையைத் தள்ளிவைத்தால் அந்த அழுத்தம் அரசின் மேல் விழும். எழுதிய பரீட்சையின் சான்றிதழைத் தடுத்தால் அது ஒரு தனியாளின் நேர்முகப் பரீட்சையில் விழும்.

விலக்குகள் போராட்டத்தைப் பலவீனப்படுத்தும் என்று தோழர்கள் சொல்வார்கள். இந்த அச்சத்தின் வேர் எனக்கு விளங்குகிறது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தார்கள். அவசரகாலச் சட்டமும் அத்தியாவசிய சேவை என்ற பெயரும் அப்போது ஆயுதமாயின. 1979இன் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் இன்றும் இருக்கிறது. அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் சுதந்திரம் தருகிறதே தவிர வேலைநிறுத்த உரிமையைப் பெயர் சொல்லித் தரவில்லை. அத்தியாவசியம் என்ற சொல்லை நாமே எடுத்துக்கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அரசு மேலிருந்து விதிக்கும் கட்டாயமும் சங்கம் மாணவரோடு பேசி ஏற்கும் ஒழுங்கும் ஒன்றல்ல. சர்வதேச தொழில் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு கல்வியைக் கண்டிப்பான பொருளில் அத்தியாவசிய சேவையாகக் கொள்வதில்லை. நீண்ட வேலைநிறுத்தங்களில் மட்டும், சம்பந்தப்பட்ட தரப்புகளைக் கலந்து, குறைந்தபட்ச சேவை வைக்கலாம் என்கிறது. இலங்கை 87ஆம் இலக்கச் சமவாயத்தை 1995இல் ஏற்ற நாடு. பட்டியலை நாம் எழுதாவிட்டால் வர்த்தமானி எழுதும்.

கிழக்கு மக்களுக்கு ஹர்த்தால் நன்கு தெரியும். அறிவித்தவர் ஒருவர், கடையைப் பூட்டுபவர் இன்னொருவர். வேலைநிறுத்தம் அங்கத்தவர் கூடி எடுக்கும் முடிவு. அந்த வேறுபாட்டை ஊருக்குக் காட்டும் வழிகளில் இந்தப் பட்டியலும் ஒன்று.

இனி மிகக் கடினமான கேள்வி. பகிஷ்கரிப்பு நடக்கும்போது நிருவாகம் வெளியாட்களை மேற்பார்வைக்கு வைத்துப் பரீட்சை நடத்துகிறது என்று கொள்வோம். வேலைக்குப் போகாத ஊழியர், அதே மண்டபத்தில் பரீட்சார்த்தியாகப் போய் உட்காரலாமா? போகலாம் என்பவர்களின் வாதம் இது: அவர் நிறுத்தியது உழைப்பை, கல்வியையல்ல, கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமையை ஏன் விடவேண்டும்? நான் இதை ஏற்கவில்லை. தன் சக ஊழியர் செய்ய மறுத்த வேலையை வேறொருவர் செய்ததால் மட்டுமே நடக்கும் பரீட்சை அது. அதில் உட்காருபவர், தான் பிறருக்குத் தர மறுத்த சேவையைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறார். சங்கமே விலக்களித்த பரீட்சை என்றால் எழுதலாம், இல்லையென்றால் எழுதக்கூடாது. ஊழியரல்லாத மாணவர்மேல் இந்தக் கட்டுப்பாட்டைச் சுமத்த எனக்கு உரிமையில்லை. அவர் அந்த முடிவில் வாக்களித்தவரல்லர்.

பரீட்சையை விடுமாறு ஊழியரைக் கேட்டால் அந்த இழப்பைச் சங்கம் சுமக்கவேண்டும். தீர்வுப் பேச்சில் சம்பளத்தோடு இரண்டு நிபந்தனைகள் சேரவேண்டும்: பகிஷ்கரிப்பில் நின்றதால் பரீட்சை தவறியவருக்கு முதல் தோற்றமாகவே கொள்ளப்படும் மறுவாய்ப்பு; பட்டம் செல்லுபடியாகும் திகதி, பரீட்சை நடந்திருக்கவேண்டிய நாளுக்குப் பின்னோக்கிச் செல்லல். இவை மூதவை தீர்மானிக்கக்கூடியவை. திறைசேரியின் பணம் தேவையில்லை. ரொறொன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில், நம் புலம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் படிக்கும் இடத்தில், 2018இல் ஒப்பந்த ஆசிரியரும் பட்டப்பின் உதவியாளரும் தொடங்கிய வேலைநிறுத்தம் 143 நாள் நீடித்தது. பிணக்குக் காரணமாக வகுப்புக்குப் போகாத மாணவரைத் தண்டிக்கக்கூடாது, பாடத்தை ஈடுசெய்ய நியாயமான வழி தரவேண்டும் என்று அங்கே மூதவைக் கொள்கையே உண்டு. அப்படியான கொள்கையை வந்தாறுமூலையிலும் எழுத முடியும்.

தற்காலிக உதவி விரிவுரையாளரின் நிலை இதைவிடவும் இக்கட்டானது. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைப்பவரும் ஆய்வேட்டுக்கு மேற்பார்வை செய்பவரும் பெரும்பாலும் ஒரே துறைக்காரர், சிலவேளை ஒரே ஆள். 2012இல் விரிவுரையாளர் சம்மேளனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குக் கேட்டு ஏறத்தாழ 100 நாள் நடத்திய போராட்டம் இந்நாட்டுக் கல்வி வரலாற்றில் பெருமைக்குரியது. அப்படிப்பட்ட போராட்டத்திலும் நிரந்தர விரிவுரையாளர் திரும்பிவரப் பதவி இருந்தது. தற்காலிகமானவரின் ஒப்பந்தம் இடையிலேயே முடிந்துவிடலாம். பழிவாங்கக்கூடாது என்று தீர்வு உடன்படிக்கைகளில் எழுதும் வாசகம் சம்பளம், பதவியுயர்வு, இடமாற்றம் என்பவற்றோடு நின்றுவிடுவது போதாது. மேற்பார்வையாளர் மாற்றம், முன்னேற்ற அறிக்கை, பதிவு நீடிப்பு, ஒப்பந்த இடைவெளி ஆகியவற்றையும் அது பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும். பேச்சு மேசைக்குப் போகும் சங்கக் குழுவில் தற்காலிகப் பதவியில் இருக்கும் ஒருவரேனும் உட்காராமல் அந்த வாசகத்தை எவரும் எழுதப்போவதில்லை.